பாதி யட்சிப் பெண் கடைசி அத்தியாயத்தில் எந்தப் பக்கம் போவாள்?

வடசேரிக்காரி

இந்தக் குழுவில் சிறுபத்திரிகையும் சங்கப் பாட்டும்தான் அதிகம் ஓடும் என்று தெரியும். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். ரத்தக்காட்டேரி நாவல் வாசிக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதுகிற ரகம். பள்ளிக்கூடம், காதல், கோரைப்பல் மூன்றும் ஒரே அட்டைக்குள் இருக்கும்.

என் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். படிக்கிறாளோ இல்லையோ, கைபேசிச் செயலி ஒன்றில் தொடர்கதை எழுதுகிறாள். கதாநாயகி பெயர் செண்பா. அவளுடைய அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறார். எல்லையில் நிற்கிற ஏழிலைப்பாலை மரத்திலிருந்து யட்சி ஒருத்தி, மோகினி மாதிரிப் பெண்பேய், இறங்கி வந்து சுண்ணாம்பு கேட்கிறாள். மனிதர் கொடுத்துவிடுகிறார். (கேட்டால் கொடுக்கக் கூடாது என்று நம் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ரப்பர் வெட்டுகிறவருக்குத் தெரியாதாம்.) அப்படிப் பிறந்தவள் செண்பா. பகலில் பள்ளிக்கூடம் போவாள், மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்பாள். பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி மட்டும் பல் முளைக்கும். அப்புறம் வழக்கம்போல இரண்டு பையன்கள். ஒருவன் முழு ரத்தக்காட்டேரி, இன்னொருவன் யட்சியை ஆணியடித்து அடக்குகிற மந்திரவாதக் குடும்பத்துப் பேரன்.

கதை நன்றாகத்தான் போகிறது. கடைசி அத்தியாயத்தில் நிற்கிறது. வாசிக்கிற பிள்ளைகள் எல்லாம் 'காட்டுக்குப் போ', 'ஊரிலேயே இரு' என்று கட்சி கட்டிக்கொண்டு பின்னூட்டம் போடுகிறார்கள். மகளோ, செண்பா எந்தப் பக்கமும் போகமாட்டாள், அப்படியே முடித்துவிடுவேன் என்கிறாள். அது வாசகரை ஏமாற்றுகிற வேலை என்று நான் சொன்னேன். இத்தனை அத்தியாயம் இழுத்துவிட்டு, பரீட்சையில் கடைசிக் கேள்வியை எழுதாமல் பேப்பரைக் கொடுக்கிற மாதிரி என்ன முடிவு அது? அன்றைக்கு ராத்திரி முழுக்க வீட்டில் சண்டை. அவளுடைய அப்பா பேசாமல் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். நான் பிறந்தது வடசேரியில். வாழ்க்கைப்பட்டது குளச்சல் கடப்புறத்தில். ஞானஸ்நானம் வாங்கி, கோவில் பதிவேட்டில் வேறொரு பெயரில் கையெழுத்துப் போட்டுத்தான் தாலி ஏறியது. அதற்கப்புறம் என் வீட்டில் நெடுங்காலம் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா தவறியபோதுதான் அந்த வாசற்படி ஏறினேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. நான் எடுத்த முடிவு, நான் கொடுத்த விலை. இன்றைக்கும் அதில் எனக்குக் குறை இல்லை. அதனால்தான் 'முடிவே எடுக்கமாட்டாள்' என்று ஒருத்தி சொல்லும்போது எனக்குச் சுருக்கென்று வருகிறது.

மகளுக்கு அந்த மாதிரி நெருக்கடி ஒன்றும் இல்லை. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குக் குளச்சல் பாட்டியோடு போவாள். வடசேரி ஆச்சி வீட்டு இசக்கியம்மன் கோவில் கொடை விழாவுக்கும் போய்ப் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நிற்பாள். என்ன, அங்கே போனால் 'கடப்புறத்துப் பிள்ளை', இங்கே வந்தால் 'வடசேரிக்காரி மகள்'. பாட்டி வீட்டில் சாளை ஆய்வதற்கு அவளுக்குக் கத்தி வேண்டாம். கட்டைவிரல் நகத்தைச் செவுளுக்குள் விட்டுத் தலையைத் திருகி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். அதே கையோடு செவ்வாயோ வெள்ளியோ ஆச்சி வீட்டுக்குப் போகவேண்டி வந்தால், புளியைக் கரைத்து விரல் நுனி சிவக்கிறவரை தேய்ப்பாள். இதை அப்படியே தூக்கிச் செண்பாவுக்குக் கொடுத்திருக்கிறாள். கோழி ரத்தம் குடித்துவிட்டு, பள்ளிக்கூடம் போகுமுன் புளியால் உதட்டைத் தேய்க்கிறாள் செண்பா. வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் அடுப்படியில் வேலை ஓடவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டில் இந்த ரகக் கதைகள் ஏராளம் வந்துவிட்டன. அவற்றில் பாதி ரத்தம் உள்ள பிள்ளைகள் கடைசியில் எப்படி முடிவெடுக்கிறார்கள்? எந்தப் பக்கமும் போகாமல் முடிகிற நல்ல கதை உண்டா? இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் இன்னும் நல்லது, அவளிடம் காட்டுவேன்.

மார்த்தாண்டத்துப் புழு

அக்கா, வளைகுடாவில் இரவுக் காவல் பணியில் இருந்தபோது இந்த ரகத்தை மூட்டை மூட்டையாக வாசித்தவன் நான். ராத்திரி விழித்திருக்கிறவனுக்கு வேறு என்ன துணை?

முதலில் பழைய கதை. பால்கன் நாடுகளின் கிராமங்களில், செத்துப்போனவன் காட்டேரியாகத் திரும்பி வந்து மனுசியோடு கூடிப் பிள்ளை பெறுவான் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தப் பிள்ளைக்கு டாம்பிர் என்று பெயர். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத காட்டேரி அவன் கண்ணுக்கு மட்டும் தெரியுமாம். அதனால் ஊர்க்காரர்கள் கூலி கொடுத்து அவனைக் காட்டேரி விரட்டக் கூப்பிடுவார்கள். கவனியுங்கள், அவனிடம் யாரும் 'நீ எந்தப் பக்கம்' என்று கேட்பதில்லை. பிறந்தபோதே அவனுக்கு ஊர் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டது. சொந்த அப்பன் வகையறாவை அடித்துத் துரத்துகிற வேலை. கூலி வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

இந்தச் சமாச்சாரத்தைப் பதின்வயதுக் கதையாக்கியது ரிச்செல் மீட் எழுதிய 'வாம்பயர் அகாடமி'. 2007 முதல் 2010 வரை ஆறு புத்தகம். உங்கள் மகள் கட்டாயம் வாசித்திருப்பாள். அதில் மொரோய் என்று உயிருள்ள காட்டேரிகள், சாதுவானவர்கள், ராஜகுடும்பம் எல்லாம் உண்டு. ஸ்ட்ரிகோய் என்று சாகாத, கொல்கிற வகை. நடுவில் பாதி ரத்தக்காரர்களான டாம்பிர்கள். கதாநாயகி ரோஸ் அவர்களில் ஒருத்தி. அம்மா ஸ்காட்லாந்துக்காரி, அப்பா துருக்கிக்காரர். அதாவது காட்டேரி ரத்தம் ஒரு கலப்பு என்றால், நாட்டு வழியில் இன்னொரு கலப்பு. அப்பா யாரென்பதே அவளுக்குப் பாதித் தொடர் தாண்டித்தான் தெரியும். டாம்பிர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள்: அவர்கள் முதலில். மொரோய் உயிர்தான் முதலில், உன் உயிர் அப்புறம். இரண்டு டாம்பிர்கள் சேர்ந்தால் பிள்ளை பிறக்காது. மொரோய் வேண்டும். ஆகவே தங்கள் இனம் தொடரவேண்டும் என்றாலும் எஜமான் வீட்டு வாசலில்தான் நிற்கவேண்டும். எழுதியவர் இதை மிகக் கச்சிதமாகக் கட்டியிருக்கிறார்.

ரோஸ் கடைசியில் முழு மனுசியாகவும் ஆவதில்லை, முழுக் காட்டேரியாகவும் ஆவதில்லை. அந்தக் கேள்வியே அங்கே எழவில்லை. 'அவர்கள் முதலில்' என்பதை எவ்வளவு தூரம் கேட்பது, தன் உயிர் தனக்கு எப்போது முதலில் வரும் என்பதுதான் அவளுடைய பாடு. அவளுடைய காதலன் டிமிட்ரியும் டாம்பிர்தான். கொல்கிற காட்டேரியாக மாறுவதைவிடச் சாவதே மேல் என்று அவளிடம் சொன்னவன். அவனைத்தான் பிடித்துக் கடித்து மாற்றிவிடுகிறார்கள். அப்புறம் மீட்டும் வருகிறான். மாறுவது, மீள்வது இரண்டுமே அவன் கையில் இல்லை. எனக்கு அந்தத் தொடரில் மனதில் நின்றது அந்த இடம்தான்.

'ட்வைலைட்' தொடரை எல்லாருக்கும் தெரியும். அதில் முடிவெடுப்பதற்கென்றே பிறந்தவள் பெல்லா. ஆனால் அவள் முழு மனுசி. காதலன் பதினேழு வயதிலேயே உறைந்து நிற்கிறான், தனக்கு மட்டும் பதினெட்டு ஆகிவிட்டதே என்று பிறந்தநாளன்று புலம்புகிறவள். காட்டேரியாகவேண்டும் என்று அவள் கேட்பது ஒருவகையில் வயதே ஏறவேண்டாம் என்று கேட்பது. பாதி ரத்தப் பிள்ளை வருவது 2008-ல் வந்த நாலாம் புத்தகத்தில். இரண்டு பாட்டிமார் பெயரையும் சேர்த்துப் பிசைந்து பிள்ளைக்கு ரெனெஸ்மி என்று பெயர் வைக்கிறார்கள். (நம் ஊரிலும் இப்படிப் பெயர் வைத்துவிட்டு ரேஷன் கார்டில் எழுத்துப் பிழையோடு அலைகிற வீடுகள் உண்டு.) ஏழே வருஷத்தில் முழு வளர்ச்சி வந்துவிடுமாம். இதயம் துடிக்கிறது, சோறும் இறங்கும், ரத்தம்தான் பிடிக்கும். அவளைக் கொல்லவேண்டுமா விடவேண்டுமா என்று பெரிய காட்டேரிகள் கூடி வழக்குப் பேசுகிறார்கள். சாட்சி சொல்ல உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். கடைசியில் தென் அமெரிக்காவிலிருந்து நாஹுவெல் என்று இன்னொரு பாதி ரத்தக்காரன், நூற்றைம்பது வயதானவன், வந்து நின்ற பிறகுதான் இந்த மாதிரிப் பிள்ளையால் ஆபத்தில்லை என்று ஒப்புக்கொண்டு கலைகிறார்கள்.

அந்த வழக்கு முழுக்கப் பிள்ளையிடம் யாரும் 'நீ யார்' என்று கேட்கவே இல்லை அக்கா. அது எனக்குப் பெரிய குறையாகவே பட்டது.

வடசேரிக்காரி

விரிவாக எழுதியதற்கு நன்றி தம்பி. ஏழு வருஷத்தில் வளர்ந்து முடிகிற பிள்ளை என்பது, வீட்டில் ப்ளஸ் ஒன் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்குப் பெரிய கற்பனையாகத் தோன்றாது.

ஆனால் நீங்கள் சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன். ரோஸ் ரத்தத்தை மாற்றிக்கொள்ளவில்லை, சரி. யாருக்காகச் சாவது என்பதில் ஒரு முடிவு எடுக்கிறாள் இல்லையா? அதுவும் முடிவுதானே. என் மகள் அதையும் எழுதமாட்டேன் என்கிறாள்.

குடமடிக்காரன்

தங்கச்சி, நான் இந்தக் குழுவில் வாசிக்கிறதோடு சரி, எழுதுவதில்லை. இது நம்ம தொழில் சம்பந்தப்பட்டதாகப் போய்விட்டது, அதனால் எழுதுகிறேன். வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறவன். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் கொடை என்றால் எங்கள் குழுவும் எங்காவது ஒரு பந்தலில் இருக்கும்.

முதலில் ஒரு மனத்தாங்கல். பாப்பா யட்சி என்று எழுதட்டும், இசக்கியை மட்டும் காட்டேரி ஆக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். முப்பந்தலில் போய்ப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் மின்சாரக் காற்றாடி, நடுவில் அம்மன், எந்நேரமும் கூட்டம். இசக்கியின் மண்சிலையில் கையில் ஒரு பிள்ளை இருக்கும். சில சிலையில் அது வாயில் இருக்கும். பிள்ளை வரம் கேட்கிறவளும் அந்தச் சிலையின் முன்னால்தான் வந்து நிற்கிறாள். தின்கிறவளும் அவள்தான், கொடுக்கிறவளும் அவள்தான். இவளை எந்த ரகத்தில் போய்ச் சேர்ப்பது? மார்த்தாண்டத்துத் தம்பி சொன்ன கடித்து ரத்தம் குடிக்கிற கூட்டத்தில் இவள் அடங்கமாட்டாள்.

ஆனால் பாப்பா தேடுகிற சரக்கு நீலி கதையில் நிறையவே கிடக்கிறது. பார்வதிபுரம் பக்கத்துக் கள்ளியங்காட்டைத் தெரியாதவர்கள் நம்ம ஜில்லாவில் உண்டா? நாங்கள் பாடுகிற வகையில் கதை இப்படிப் போகும். தாசி குலத்துப் பெண் ஒருத்தி. அவளிடம் பொருளையெல்லாம் தொலைத்த, கோவில் பூசை செய்கிற நம்பி ஒருத்தன். அவனை அவளுடைய தாய்க்காரி விரட்டிவிட, இவள் அவன் பின்னாலேயே வருகிறாள். கள்ளிக்காட்டில் அவன் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள். மடியை உருவிக்கொண்டு, மணலைக் கூட்டித் தலைக்கு அணை வைத்து, கல்லைத் தூக்கிப் போட்டு நகையோடு போய்விடுகிறான் பாவி. பார்த்த சாட்சி கள்ளிச்செடி ஒன்றுதான். தேடி வந்த அண்ணனும் அங்கேயே உயிரை விடுகிறான்.

இந்த அண்ணனும் தங்கையும் அடுத்த பிறப்பில் சோழ ராஜாவுக்கு இரட்டைப் பிள்ளையாகப் பிறக்கிறார்கள், நீலன், நீலி என்று. அப்பன் மனுசன், அம்மை மனுசி. தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகள் ராத்திரியானால் எழும்பிப் போய் மாட்டைக் கொன்று ரத்தம் குடிக்கும். விடியுமுன் திரும்பி வந்து தொட்டிலில் படுத்துக்கொள்ளும். காவல் வைத்துப் பார்த்து உண்மை தெரிந்ததும், ராஜா பிள்ளைகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறான். பாடும்போது அந்த இடத்தில் எங்கள் புலவர் ராஜாத்தி பக்கம் நின்று ஒரு ஒப்பாரி வைப்பார். பெண்கள் பகுதியில் மூக்குறிஞ்சாத ஆள் இருக்காது.

இப்போது முக்கியமான இடம். நம்பி அடுத்த பிறப்பில் செட்டியாகப் பிறந்து வியாபாரத்துக்கு வருகிறான். நீலி கள்ளிக் கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவன் என் புருசன், என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகிறான்' என்று ஊர்க்கூட்டத்தில் முறையிடுகிறாள். அவன் 'இவள் பேய், என்னைக் கொல்ல வருகிறாள்' என்று அலறுகிறான். ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேர். எப்படித் தீர்ப்புச் சொல்வது? பிள்ளையை நடுவில் இறக்கி விடு, அது யாரிடம் போகிறதோ பார்க்கலாம் என்கிறார்கள். பிள்ளை தவழ்ந்து போய் அவன் மடியில் ஏறி 'அப்பா' என்கிறது. தீர்ந்தது வழக்கு. அவனையும் அவளையும் ஒரே வீட்டில் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். விடிந்து திறந்தால் அவன் குடல் கிழிந்து கிடக்கிறான். அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள் என்று கதை போகும்.

நான் எத்தனையோ வருஷமாக இதற்குக் குடம் அடிக்கிறேன். அந்தக் கள்ளிப் பிள்ளையைப் பற்றிப் பாட்டில் அதற்கப்புறம் பெரிதாக ஒன்றும் வராது. வேலை முடிந்ததும் அது மறுபடியும் கள்ளிக் கொப்பு, அவ்வளவுதான். அம்மை தாவரத்திலிருந்து செய்தாள், அப்பன் என்று மனுசனைக் காட்டினாள், ஊர் நடுவில் விட்டுப் பார்த்தது. அதற்கு ஏதாவது மனசில் ஓடியிருக்கும் இல்லையா? பாப்பாவுக்கு எழுதத் தெரிந்தால் அதை எழுதச் சொல்லுங்கள். சண்டைக்காரிக்கு ஏற்ற கதை.

பழைய கோப்பு

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கதை பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நடைமுறை ஒன்று மட்டும்.

கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பாவின் சாதி, அம்மாவின் சாதி, இரண்டில் எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாட்டில் 1975-லேயே அரசாணை உண்டு. பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதம் என்ற இடத்தைக் காலியாகவே விடலாம் என்பது அதற்கும் முன்னால், 1973. ஆனால் எழுதிக் கொடுப்பது பெற்றோர். பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். பதினேழு வயதில் பௌர்ணமி ராத்திரியில் முடிவெடுக்கிற பிள்ளையை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. அலுவலகத்தில் அப்பாவும் அம்மாவும் எந்தச் சாதி எழுதினால் சீட்டுக் கிடைக்கும் என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள், பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

களியக்காவிளை பஸ்

வணக்கம் ஆன்ட்டி. நான் நாகர்கோவிலில் காலேஜ் ரெண்டாம் வருஷம். அம்மா கேரளத்துப் பாறசாலை, மலையாளம். அப்பா குழித்துறை, தமிழ். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது தாத்தா இந்தப் பக்கம், அம்மா வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கம். பஸ்ஸில் அரை மணி நேரம்கூட இல்லை. உங்கள் மகளின் தொடரை நான் வாசிக்கிறேன், பின்னூட்டமும் போட்டிருக்கிறேன். எந்தப் பெயரில் என்று சொல்லமாட்டேன்.

ஆன்ட்டி, நீங்கள் எடுத்தது உங்கள் முடிவு. ஒருநாள், ஒரு இடம், கையெழுத்து. அதற்கு விலையும் கொடுத்தீர்கள். எங்களுக்கு அப்படி ஒரு நாள் வருவதே இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பார்கள். களியக்காவிளையில் ஏறி மலையாளத்தில் போனில் பேசிக்கொண்டு வந்தால் பக்கத்து சீட் சேச்சி வீட்டுப்பேர் கேட்பார். தக்கலை தாண்டித் தமிழில் பேசினால், பேச்சில் ஒரு இழுவை இருக்கே, எந்த ஊர் என்பார்கள். பாறசாலை அம்மாவன் (தாய்மாமன்) வீட்டில் நான் சாம்பாரில் புளி கூட விட்டேன் என்று 'தமிழத்தி' ஆனேன். யாருமே கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் நான் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் நிம்மதி, அவ்வளவுதான்.

அதனால் எனக்கு இந்த நாவல்களில் நம்பமுடியாத இடம் பல்லும் ரத்தமும் இல்லை. பதினெட்டு வயதில் ஒரே ராத்திரியில் எல்லாமே தீர்ந்துவிடுகிறது பாருங்கள், அதைத்தான் நம்ப முடியவில்லை. அந்த ராத்திரி எழுதுகிறவருக்கு வேண்டும், புத்தகம் முடியவேண்டும் இல்லையா. அதிலும் காதலிக்கிற பையன் எந்த இனமோ அந்தப் பக்கம் போவாள். அது முடிவா, கல்யாணமா? (உங்களைச் சொல்லவில்லை ஆன்ட்டி. கொஞ்சம் சொல்கிறேன்.)

குடமடிக்கிற மாமா எழுதிய கள்ளிப் பிள்ளை என்னைத் தூங்கவிடவில்லை. எழுபது பேர் சுற்றி நின்று, போ, யாரிடம் போகிறாய் பார்ப்போம் என்கிறார்கள். எங்கே ஏறினாலும் அது இன்னொருவர் வழக்குக்குச் சாட்சி. உங்கள் மகளிடம் நான் கேட்க நினைப்பது இதுதான்: செண்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது யார்? இதுவரை வந்த அத்தியாயத்தில் யாருமே வாய் திறந்து கேட்கவில்லை. காற்றில் கேள்வி தொங்குகிறது, வாசகர்கள் கட்சி கட்டுகிறோம். ஒரு ஆளைக் கேட்கவைக்கச் சொல்லுங்கள். அந்த மந்திரவாதப் பேரனின் தாத்தாவோ, பால் வெட்டுகிற அப்பாவோ, ரேஷன் கடைக்காரரோ. அப்பா கேட்டால் ஒரு கதை, ரேஷன் கடைக்காரர் கேட்டால் வேறு கதை. பதில் தானாக வரும்.

அப்புறம், முழுக் காட்டேரிப் பையன் சுத்த போர். சீக்கிரம் கொன்றுவிடலாம்.

மார்த்தாண்டத்துப் புழு

கடைசி வரிக்கு என் ஓட்டும்.

குடமடிக்கிற அண்ணனின் மனத்தாங்கலுக்கு ஒரு துணுக்கு. 'ட்வைலைட்' கதையில் வரும் ஓநாய்க் கூட்டத்துக்குக் குவிலியூட் என்று பெயர். அது கற்பனை இல்லை, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் லா புஷ் என்ற ஊரில் வாழ்கிற உண்மையான பழங்குடி. ஓநாய்களாக இருந்தவர்கள் மாற்றப்பட்டு மனிதரானார்கள் என்பது அவர்களுடைய தொன்மம். நாவல் அதைத் திருப்பிப் போட்டு மனிதரை ஓநாயாக்கியது. புத்தகம் ஓடியது, படம் ஓடியது, அவர்கள் பெயரைப் போட்டு விற்ற சாமான்களும் ஓடின. அப்புறம் சியாட்டிலில் உள்ள பர்க் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து, உண்மை எது, நாவல் எது என்று அந்த மக்களே விளக்கம் போட வேண்டி வந்தது. ஆகவே இசக்கி விஷயத்தில் அண்ணன் சொல்வதைப் பாப்பா காதில் போட்டுக்கொள்வது நல்லது. யட்சி என்றால் கொஞ்சம் விளையாட இடம் இருக்கிறது.

வடசேரிக்காரி

எல்லாவற்றையும் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அரசாணையை வாசித்துவிட்டு, என் சர்டிபிகேட்டில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். யார் முடிவு என்று கேட்டாள். அவளுடைய அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

பஸ் தங்கை, 'கொஞ்சம் சொல்கிறேன்' என்றதைக் கவனித்தேன். நான் பையனுக்காகத்தான் போனேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை. அது கல்யாணமும்தான், முடிவும்தான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கிறார்கள் என்கிறீர்கள், அது எனக்கும் நடந்தது. ஒரு கையெழுத்தோடு அவர்கள் கேட்பது நின்றுபோகவில்லை. ஆனால் எனக்குள் நின்றுபோனது. அந்த நிம்மதியை உங்கள் வயதில் யாரும் மதிப்பதில்லை.

இப்போது செண்பா நிலவரம். ஊர்க்கூட்டம் கூடுகிறது. கேட்கிறவர் மந்திரவாதத் தாத்தா. ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் பாலை மரம், நடுவில் அவளை நிறுத்தி 'போ' என்கிறார். அவள் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டி, கொஞ்சம் சுண்ணாம்பு கிடைக்குமா என்று கேட்கிறாள். அத்தோடு முடிகிறது. வெற்றிலைப் பெட்டி வைத்திருக்கிற பெருசுகள் எல்லாம் இடுப்பைத் தடவுகிறார்களாம்.

இது தப்பிக்கிற முடிவுதான் என்று இன்னமும் அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யார் கொடுத்தார்கள் என்றாவது எழுது என்றேன். அதை நீங்கள் எழுதுங்கள் என்கிறாள். காட்டேரிப் பையன் இதற்கு முந்தின அத்தியாயத்திலேயே காலி. அதுவரைக்கும் சந்தோசம்.

குடமடிக்கிற அண்ணாச்சி, அவளுக்கு நீலி கதையை நேரில் கேட்கவேண்டுமாம். உங்கள் குழு பாடும்போது கூட்டிக்கொண்டு வரலாமா? என்ன நேரத்துக்கு வந்தால் பிள்ளையை ஊர்க்கூட்டத்தில் இறக்கி விடுகிற இடம் கிடைக்கும்?

குடமடிக்காரன்

தாராளமாக வாருங்கள். கோவிலும் தேதியும் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். வழக்கு வருகிற இடம் சாமம் தாண்டித்தான் வரும். புலவருக்குத் தொண்டை கட்டியிருந்தால் சுருக்கிவிடுவார், அதனால் பத்து மணிக்கே வந்து இடம் பிடித்துவிடுங்கள். அதற்கப்புறம் சாமியாட்டம் வரும். பாப்பா பயப்படுகிற ஆளாகத் தெரியவில்லை, இருந்தாலும் சொல்லி வையுங்கள். வில்லுக்கு இடப்பக்கம் உட்காருங்கள். வலப்பக்கம் என் குடமும் ஒலிபெருக்கியும், விடிகிறவரைக்கும் காது அடைத்துக்கொள்ளும்.